1954 செவர்லே பிக்கப் ஏலத்தில எடுக்கேக்க எதைப் பாக்கவேணும்?

பரந்தன் பொடியன்:
வணக்கம். ரொறன்ரோவில இருக்கிற பெரியண்ணா அமெரிக்காவில ஒரு ஏலத்தில 1954 செவர்லே 3100 பிக்கப் எடுக்கப்போறார். வைச்சு வடிவு பாக்க இல்லை, ஓடத்தான். படத்தில பச்சைப் பெயின்ற் நல்லா மினுங்குது. அப்பான்ர பழைய ஒஸ்ரின் ஏ40 காருக்கு ஸ்பனர் எடுத்துக் குடுத்து வளந்தவன் எண்டு என்னட்டைக் கேக்கிறார். என்ன சொல்ல? பிறகு ஊருக்கு அனுப்பவும் ஆசைப்படுறார்.

முள்ளியவளை கராச்:
தம்பி, 54 நல்ல வருசம். 53 வரைக்கும் அந்தச் சின்னப் பிக்கப்புகளில 216 கன அங்குல எஞ்சின். பிஸ்ரனையும் கிராங்கையும் இணைக்கிற கொன்ரொட்டின்ர பேரிங்குக்கு ஒயில் பிறசரில போகாது. 54இல வந்த 235இல போகும். இண்டைய றோட்டில ஓட அதுதான் வேணும். அதே எஞ்சின் இன்னும் உள்ளுக்க இருக்கோ எண்டு பாக்கட்டும். கனபேர் கழட்டிப்போட்டு 350 வீ8 இறக்கியிருப்பினம். அதுவும் ஓடும், ஆனா ஒறிஜினல் விலை குடுக்கக்கூடாது.

ஏலத்துக்கு முதல் பாக்க விடுற நேரத்தில போய் எஞ்சினில கை வைக்கச் சொல்லுங்கோ. சூடெண்டா, ஆறின எஞ்சின் ஸ்ராட் வாற கஸ்ரத்தை மறைக்க ஆரோ முதலே ஸ்ராட் பண்ணியிருக்கலாம். ஆறவிட்டு ஸ்ராட் அடிச்சுப் பாக்கவேணும். ஒயில் மட்டம் பாக்கிற டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாக்கவேணும். சண்டைக்காலத்தில பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில ஏ40 ஓடின நேரம் நாங்கள் முதல் செய்யிறது அதைத்தான். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனால வழிஞ்சு ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும். மட்டம் குறையாது, கூடும்! இந்தப் பிக்கப்பில பெற்றோல் மணந்தா பெற்றோல் பம்பின்ர டயபிரம் கிழிஞ்சிருக்கலாம்.

கறல் கபினின்ர பின்மூலையளிலயும் கதவுக்குக் கீழயும்தான் பிடிக்கும். துணி சுத்தின காந்தம் ஒட்டாத இடமெல்லாம் ஓட்டையை மூடிப் பூசின புட்டி.

வவுனியா வாசகன்:
ஓடாமக் கிடந்ததை எடுக்கிறது நல்லமெல்லோ? 2013இல நெப்ரஸ்காவில பழைய செவர்லே டீலர் ஒருத்தற்றை ஏலத்தில, 1.3 மைல் மட்டும் ஓடின 1958 கமியோ பிக்கப் 1,40,000 டொலருக்குப் போனது.

முள்ளியவளை கராச்:
அது பூட்டி வைச்சிருக்கிறவருக்கு. ஓடப்போறவருக்கு நிண்ட வாகனம் பெருஞ்செலவு. 2009இல சண்டை முடிஞ்ச பிறகு, விட்டிட்டுப் போன காணியளுக்க இருந்து இழுத்து வந்த வாகனங்களைத் திருத்தினனான். எஞ்சின் சுத்தும், பிறேக் சிலிண்டர் நாலும் இறுகியிருக்கும், ரப்பர் வெடிச்சிருக்கும், டாங்கில பெற்றோல் பசையாயிருக்கும். அண்ணா வருசாவருசம் ஓடின, வேலை செய்த ரசீதுகளோட வாற வண்டியை எடுக்கட்டும். பெயின்ற் மங்கினாலும் எடுக்கட்டும்.

ஊருக்கு அனுப்புற எண்ணம் வேண்டாம். இலங்கைக்குப் பாவிச்ச வாகனம் இறக்க வயதெல்லை ஒரு சில வருசந்தான், இது 70 தாண்டினது. கை உயர்த்த முதல் ஏலக்காரற்றை கமிசனையும் கூட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. பெரிய ஏலங்களில விலைக்கு மேல 10 வீதமளவு வரும்.