கலைச்சொல்: ரீபாயிண்டிங் = மறுபூச்சு?

நண்பர்களுக்கு வணக்கம். உள்ளூர் வரலாற்றுச் சங்கங்கள் பழைய கட்டட உரிமையாளர்களுக்குத் தரும் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் எழுதும்போது 'ரீபாயிண்டிங்' இடறுகிறது. செங்கற்களுக்கு நடுவே உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்கும் வேலை. 'மறுபூச்சு' பொருந்துமா?

———

> 'மறுபூச்சு' பொருந்துமா?

பொருந்தாது. பூச்சு என்று எழுதிக் கொடுத்தால் கொத்தனார் சுவர் முழுக்கப் பூசிவிடுவார். செங்கல் முகமே மறைந்துவிடும். 'சந்தடைப்பு' பரவாயில்லை, ஆனால் அடைப்பதை மட்டுமே சொல்கிறது. வேலையின் பாதி, எடுப்பதில் இருக்கிறது. சந்து 10 மி.மீ. அகலம் என்றால் 20 முதல் 25 மி.மீ. ஆழத்துக்குப் பழைய சாந்து வெளியே வரவேண்டும். மேலாகச் சுரண்டிவிட்டு அப்பினால் பிடிமானம் இல்லாமல் தகடு தகடாகக் கழலும். கிரைண்டரும் ஆகாது: செங்குத்துச் சந்தில் வட்டு ஓடினால் மேல்கல்லும் கீழ்கல்லும் வெட்டுப்படும். மெல்லிய உளிதான். எனவே 'சந்துக்காரை மாற்றல்' என்பேன்.

———

கான்கிரீட்டுக்குக் 'கற்காரை' ஏற்கெனவே இருக்கிறதே, குழம்பாதா? தவிர, காரை என்றதும் சுண்ணாம்புதான் நினைவுக்கு வரும். சிமெண்டில் செய்தால்?

———

பழைய சுவரில் சிமெண்டு வரக்கூடாது என்பதால்தான் அந்தச் சொல். சூளையில் மென்மையாக வெந்த செங்கல்லைவிடச் சிமெண்டுச் சாந்து கடினம். ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறும்போது உப்பு அதன் முகத்துக்கு உள்ளே படிகமாகி, தோல் உரிவதுபோல் செதில் செதிலாகப் பெயர்க்கும். சாந்து வீணானால் மாற்றலாம், செங்கல் போனால் போனதுதான்.

வழக்கமான கலவை 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல். சந்தை நனைத்துவிட்டு, ஆழமான இடங்களில் ஒரே மூச்சில் திணிக்காமல் அடுக்கடுக்காக அழுத்தி, பிறகு சில நாள் ஈரச்சாக்கால் மூடவேண்டும். சீக்கிரம் காய்ந்தால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகாது, விரலால் தேய்த்தாலே பொடியாகும்.

'சந்துச்சாந்து' என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு சிக்குகிறது. காரையே இருக்கட்டும், 'கற்' என்ற முன்னொட்டு இல்லாதவரை கான்கிரீட்டோடு குழப்பமில்லை.

இன்னொன்று: வேலைக்கு முன் சுவரின் கண்ணில் படாத மூலையில் சிறு பகுதியைச் செய்து, காயவிட்டு, நிறத்தையும் மணல் பருமனையும் பழையதோடு ஒப்பிடுவார்கள். சங்கம் அதைப் படமெடுத்து, பழைய சாந்தின் துண்டோடு கோப்பில் வைக்கும். அதற்கு 'மாதிரிச்சந்து' சரியா? 'ஒத்திகை' நாடகத்தனமாக ஒலிக்கிறது.