மூன்று சாட்சிக் கணக்கு: முப்பது தாண்டிய நண்பர்கள் கதை எழுதுவோர் அனுபவப் பகிர்வு

சிவப்பு மை (தொடக்கப் பதிவு)

33, 34 வயசு நண்பர் கூட்டத்தை வைத்து நகைச்சுவைத் தொடர் எழுதுபவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் திருத்தத்துக்கு வரும் பிரதிகள் எல்லாம் ஒரே நாலைந்து இடங்களில் தடுக்கி விழுகின்றன. எங்கே விழுகிறது, ஏன், எப்படித் தூக்கி நிறுத்துவது என்று அவரவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததை எழுதுங்கள். சொந்தக் காதலை இங்கே கொட்ட வேண்டாம். அதற்கென்று ஓர் இழை ஏற்கெனவே ஈரம் காயாமல் கிடக்கிறது.

ஆள் கணக்கில் ஆரம்பிக்கிறேன். ஐந்து பேர் போதும். நாலு பேர் என்றால் இரண்டாம் பக்கத்திலேயே வாசகர் ஜோடி சேர்த்துவிட்டுப் போய்விடுவார். ஆறு பேர் என்றால் யார் பேசுவது என்று தெரியாமல் ஒவ்வொரு வரியிலும் ‘என்றான் விக்னேஷ்’, ‘என்றாள் சரண்யா’ என்று ஒட்டவைக்க வேண்டிவரும். சிரிப்பு அங்கேயே செத்துவிடும். ஐந்தில் எப்போதும் ஒருவர் மிச்சம். ஆட்டோவில் இடம் போதாது, ஹோட்டல் மேசைக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட வேண்டும், பில்லை ஐந்தாகப் பிரித்தால் குடிக்காத ஒருத்தர் முறைப்பார். அந்த மிச்ச ஆள்தான் கதையின் அச்சாணி. அவர் வாயில் ஜோக்கை மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவருக்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கட்டும்.

மூன்றாம் சாட்சி

ஐந்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, சட்டத்திலேயே. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் என்றால் மாப்பிள்ளை, பெண், மூன்று சாட்சிகள். ஆக ஐந்து பேர். சாட்சியில் ஒருவன் ஒரு காலத்தில் அந்தப் பெண்ணையே சுற்றியவன் என்றால், அவன் பேனா மூடியைக் கழற்றும் இடத்துக்கு வசனமே வேண்டாம்.

ஆனால் இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் தப்பாக எழுதுகிறார்கள். காலையில் சண்டை, மதியம் சமாதானம், சாயங்காலம் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை. இந்தச் சட்டத்தில் அது நடக்காது. வரிசை இப்படித்தான் போகும். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதன் நகலை அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார்கள். அப்புறம் 30 நாள் காத்திருப்பு. ஆட்சேபம் வராவிட்டால் கல்யாணம். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்து.

நகைச்சுவைக்காரருக்கு இதில் மூன்று தங்கக்கட்டிகள் கிடைக்கின்றன.

ஒன்று, அந்த 30 நாள். ஐந்து பேரும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டிய 30 நாள். இதைவிட நல்ல கெடு உங்களுக்குக் கற்பனையில் கிடைக்காது.

இரண்டு, பெண்ணோ பையனோ நிரந்தரமாக வேறு மாவட்டத்துக்காரர் என்றால் நகல் அந்த மாவட்ட அதிகாரிக்கும் போகும், அங்கேயும் ஒட்டப்படும். வேளச்சேரியில் ரகசியம் காத்துக்கொண்டிருக்கும்போது, திருநெல்வேலியில் வில்லங்கச் சான்று வாங்கப் போன பெரியப்பா பலகை முன்னால் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

மூன்று, ஆட்சேபம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் காரணம் சட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். வயது, ஏற்கெனவே உயிரோடிருக்கும் துணை, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை, இவ்வளவுதான். ‘பையன் ஸ்டார்ட்டப் வச்சிருக்கான்’ என்பது செல்லாது. பெரியப்பா அதைத்தான் எழுதிக்கொண்டு வருவார், மூன்று பக்கம்.

அன்றைக்கே கல்யாணம் நடந்தாக வேண்டும் என்றால் வழி வேறு. இருவரும் இந்துக்கள் என்றால் இந்துத் திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு இருக்கிறது. 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், சுயமரியாதைத் திருமணத்துக்காக. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும், புரோகிதர் வேண்டாம். அதன்பின் பதிவு தனி வேலை. எந்தச் சட்டம் என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் கெடுவும் போச்சு, கதையும் போச்சு.

மெய்ப்புப் பென்சில்

வருஷக் கணக்கு. 2025இல் 34 வயசு என்றால் 1991 பிறப்பு. பொறியியல் என்றால் ஏறக்குறைய 2008 முதல் 2012 வரை. அந்த முதல் வருஷ விடுதிக் காட்சியில் வாட்ஸ்அப் குரூப் வைத்து ஒரு பிரதி வந்தது. வாட்ஸ்அப் வெளிவந்ததே 2009இல். இவர்கள் காலம் ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளமும் எஸ்எம்எஸ் பேக்கும். ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. அதில் நண்பரைப் புகழ்ந்து ஒருத்தர் எழுதிய ‘டெஸ்டிமோனியல்’ இன்னும் இருக்கிறது என்று எழுதாதீர்கள். யாராவது ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தால் சரி.

பலரும் கோட்டைவிடும் ஒரு பொக்கிஷம்: 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு போட்டது. நவம்பரில் 200 ஆக்கினார்கள். கடைசி வருஷக் காதலுக்கு ரேஷன்! நூறாவதில் ‘ம்’ என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, அந்த ‘ம்’ சம்மதமா கோபமா என்று 13 வருஷம் கழித்தும் தெரியாமல் இருக்கலாம். தொடரையே இதன்மேல் நிறுத்தலாம்.

பெயரும் பிறந்த வருஷத்துக்குப் பொருந்த வேண்டும். 1991 வகுப்பறையில் கார்த்திக் மூன்று பேர் இருப்பார்கள், திவ்யா இரண்டு. ‘ஆர். கார்த்திக்’, ‘குண்டு கார்த்திக்’, ‘ஹாஸ்டல் கார்த்திக்’ என்றுதான் இன்றைக்கும் போனில் சேமித்து வைத்திருப்பார்கள். குண்டு கார்த்திக் இப்போது மாரத்தான் ஓடுபவனாக இருக்கட்டும். பட்டம் மட்டும் மாறக் கூடாது.

ஒற்றை டிக்

போன் விஷயம் நான் சொல்கிறேன், ஏன்னா அதிகமா அடிவாங்குற இடம் அதுதான். ‘அவளுக்கு அனுப்ப வேண்டியதைக் குரூப்பில் போட்டுவிட்டான்’ங்கிற திருப்பம் இப்ப வேலைக்கு ஆகாது. வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அழிக்கிற வசதிக்கு இரண்டு நாளுக்கு மேல டைம் இருக்கு. 15 நிமிஷத்துக்குள்ள திருத்தவும் முடியும். வாசகர் உடனே ‘அழிச்சுட வேண்டியதுதானே’ன்னு கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் கதைக்குள்ளேயே இருக்கணும். விரல் நடுங்கி ‘எனக்கு மட்டும் அழி’ங்கிறதைத் தொட்டுட்டான்னு வைங்க. திரும்ப எடுக்க சில நொடிதான் கிடைக்கும், அதைத் தவறவிட்டா அவன் திரையில இருக்காது, மத்த நாலு பேர் திரையில இருக்கும். தன் குற்றத்தைத் தானே பார்க்க முடியாத குற்றவாளி! இல்லேன்னா அழிச்சுட்டான், ஆனா ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’ங்கிற வரி நிக்குது. என்ன எழுதியிருப்பான்னு நாலு பேரும் நாலு விதமா ஊகிக்கிறாங்க, நிஜத்தைவிட ஊகம் மோசமா போகுது. இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொண்ணு. படிச்சதைக் காட்டுற நீல டிக்கை ஒருத்தர் அணைச்சு வச்சிருந்தாலும் குரூப்புக்கு அது செல்லாது. அனுப்பினவர் தன் மெசேஜோட விவரத்தைத் திறந்தா யார் எப்பப் படிச்சாங்கன்னு தெரியும். ‘தூங்கிட்டேன்’னு சொன்னவ ராத்திரி 2.13க்குப் படிச்சிருக்கா. அவ்வளவுதான், ஓர் அத்தியாயம் தயார்.

கொங்கு வாத்தியார்

அண்ணன்மார்களே, நம் மொழியில் இருக்கிற வசதியை விட்டுவிட்டு முத்தம், மழை, குடை என்று அலைகிறீர்கள். ‘டா’, ‘நீ’, ‘நீங்க’ இவை மூன்றுமே போதும், காதலின் முழு வரைபடத்தையும் போட்டுவிடலாம்.

சென்னைக் கூட்டத்தில் பெண் ஆணை ‘டா’ போடுவது சாதாரணம். ஆண் பெண்ணை ‘டி’ போட்டால் மற்ற மூன்று பேரின் காதும் விறைக்கும். ஆகவே ‘டி’யை வீணாக்காதீர்கள். இருபது அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் வாய் தவறி. வாய் தவறியதும் அவன் ‘டிக்கெட்’ என்று முடித்துச் சமாளிக்கட்டும்.

இப்போது அந்த ஐவரில் ஒருத்தியைக் கோயம்புத்தூர்க்காரி ஆக்குங்கள். அவள் வாட்ச்மேனையும் ‘ங்க’, பக்கத்து வீட்டுக் குழந்தையையும் ‘ங்க’. ‘சாப்டீங்ளா’ என்று ஐந்து வருஷமாக எல்லோரையும் கேட்பவள். கூட்டத்திலிருக்கும் மதுரைக்காரன் அந்த மரியாதையைத் தனக்கு மட்டும் என்று நினைத்து உருகிக்கொண்டிருப்பான். வாசகரும் அப்படியே நினைக்கட்டும். அவள் மனசு யாரிடம் என்பதற்கு அடையாளம் நேர் எதிர்: யாரிடம் ‘ங்க’ உதிர்ந்துபோகிறதோ, அவன். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒருத்தனைப் பார்த்து ‘வாயை மூடு’ என்கிறாள். அவ்வளவுதான். விளக்கம் சொல்லாதீர்கள். கொங்கு வாசகர்கள் புரிந்துகொண்டு கூவுவார்கள். மற்றவர்கள் இரண்டு அத்தியாயம் கழித்துத் திரும்பிப் போய்ப் படிப்பார்கள்.

நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு எதிர்த்திசை. 12 வருஷம் ‘டேய் பன்னி’ என்று கூப்பிட்டவனை அவன் அம்மா எதிரில் ‘அவரு’ என்று சொல்ல வேண்டும். இதில் பெரும்பாலோர் செய்யும் தப்பு, அவள் முதல் வாக்கியத்திலேயே உளறிவிடுவது. அப்படி வேண்டாம். ஒன்பது முறை சரியாகச் சொல்லட்டும். மாமியார் ‘எவ்வளவு மரியாதையான பொண்ணு’ என்று சொல்லி முடித்த மறு நொடி அவன் சாம்பாரைப் பட்டுச்சட்டையில் கொட்டிக்கொள்ளட்டும்.

சைடு லோயர்

கோவா பயணம் வேண்டாம். எழுதித் தேய்ந்துவிட்டது. இருவரை நெருக்கி உட்காரவைக்க ரயில்வே இலவசமாக ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது: ஆர்.ஏ.சி. டிக்கெட். சைடு லோயர் படுக்கையை இரண்டு இருக்கையாக்கி இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். படுக்க முடியாது, எதிரெதிரே கால் மடக்கி விடிய விடிய உட்கார வேண்டும். சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு முழுசாக ஓர் இரவு. பேசாமல் இருக்க முடியாது. எழுந்து போகவும் இடமில்லை. இந்தக் காட்சியில் வில்லன் டிடிஇ. நள்ளிரவு தாண்டி வந்து, ‘எஸ் 7இல் ஒரு பெர்த் காலி, யாராவது போறீங்களா?’ என்று நல்ல செய்தி சொல்வார். இருவரும் ‘நீ போ’, ‘பரவாயில்ல நீ போ’ என்று பெருந்தன்மை காட்டும் அந்த அரைப் பக்கத்தில்தான் காதல் வெளிப்பட வேண்டும். மேல் படுக்கையிலிருக்கும் பெரியவர் பொறுமை இழந்து, ‘யாரும் போகலைன்னா நான் போறேன்’ என்று இறங்கட்டும்.

பஸ் என்றால் இடம் சரிபாருங்கள். தென்மாவட்ட பஸ்கள் கிளம்பும் சென்னையின் புது கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது 2023 டிசம்பர் 30. இன்றைய கதையில் மதுரை அரசு பஸ்ஸை கோயம்பேட்டில் பிடித்தால், வாசகர் கடிதம் கதையைவிட நீளமாக வரும்.

சிவப்பு மை

வாத்தியாரின் ‘ங்க’ விஷயத்தை இன்றே நாலு பேர் திருடுவார்கள் என்று தெரிகிறது.

அளவு பற்றிக் கேட்டிருந்தார்கள். 20 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1200 சொல். ஓர் அத்தியாயத்துக்கு ஒரே ஒரு சங்கடம். இரண்டு போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பழைய பத்திரிகைத் தொடர்களை இதற்கு அளவுகோலாக வைக்காதீர்கள். 1963இல் குமுதத்தில் பாக்கியம் ராமசாமி தொடங்கிய நகைச்சுவைக் கதைகளின் அப்புசாமி, சீதாப்பாட்டி தம்பதிக்குப் பல பத்தாண்டுகள் போயும் வயசு ஏறவில்லை. ஒவ்வொரு கதை முடிவிலும் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்த உலகத்துக்கு அதுதான் அழகு. முப்பது தாண்டியவர்கள் கதையில் கடிகாரம் நிற்கவே கூடாது. ஆடி வந்தால் வீட்டில் வரன் பேச்சு ஓயும், ஆவணியில் மறுபடி கிளம்பும், மார்கழியில் ஒரு மாதம் மூச்சு விடலாம், தை பிறந்ததும் அம்மா போன். இந்த நாலு மாதத்தையும் அத்தியாயங்களுக்குப் பங்கிட்டாலே பாதி கதை ஓடிவிடும்.

வரன் தளம் எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை: பெண்ணின் கணக்கை நடத்துவது பெண்ணின் அப்பா, பையனின் கணக்கை நடத்துவது பையனின் அப்பா. இரண்டு அப்பாக்களும் பிள்ளைகள் பெயரில் மூன்று வாரம் அரட்டை அடித்து, பழைய பாட்டு, சர்க்கரை மாத்திரை, ஓய்வூதியம் என்று நெருங்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் வேண்டாம் என்ற பிறகும் அந்த இருவர் பிரிய மறுக்கிறார்கள்.

மெய்ப்புப் பென்சில்

வசனத்துக்கு ஒரு திருத்தம் காட்டுகிறேன். வந்த பிரதி:

‘எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது என்பதை உணர இவ்வளவு வருடங்கள் ஆகிவிட்டன,’ என்றான் விக்னேஷ் கண் கலங்க. ‘லேட்டா வந்தாலும் லேட்டஸ்ட்டா வந்திருக்க!’ என்று சிரித்தாள் திவ்யா.

முதல் வரி மேடைப் பேச்சு, இரண்டாவது கடி. இரண்டும் ஒன்றை ஒன்று கொல்கின்றன. திருத்திய பிறகு:

‘திவ்யா, ஒண்ணு சொல்லணும்.’
‘இஎம்ஐக்குக் காசு இல்லையா?’
‘அதில்ல.’
‘ஐயாயிரத்துக்கு மேல கேக்காத.’
‘அதில்லைன்னு சொல்றேன்ல.’
‘…சரி, பத்து.’

அவன் சொல்ல வந்ததை அவன் சொல்லவே இல்லை. ஆனால் அவள் ஐந்திலிருந்து பத்துக்கு ஏறிவிட்டாள்.

மூன்றாம் சாட்சி

ஒன்று விட்டுப்போச்சு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் சடங்கு எப்படியும் இருக்கலாம். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் சட்டப்படியான கணவராக, மனைவியாக ஏற்பதாக அதிகாரிக்கும் மூன்று சாட்சிகளுக்கும் முன்னால், தங்களுக்குப் புரிந்த மொழியில் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். கொங்கு வாத்தியார் சொன்ன பெண்ணை அங்கே நிறுத்திப் பாருங்கள். அவனிடம் மட்டும் ‘ங்க’ உதிர்ந்தவள் அவள். ‘இவரை என் கணவராக ஏற்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இவனை’ என்று வாயில் வரும். அதிகாரி தலை நிமிர்ந்து, ‘இவரை’ என்று திருத்துவார். மூன்று சாட்சிகளும் தரையைப் பார்க்கட்டும்.