மணி அடிக்கிறது, குரல் வரவில்லை: இணையத் தொலைபேசி சர்வரில் போர்ட் திறந்த அனுபவங்கள்

இணையத் தொலைபேசி சர்வரைப் பராமரிப்பவர்களிடம் ஃபயர்வால் (எந்தப் போக்குவரத்தை உள்ளே விடலாம் என்று வடிகட்டும் காவல்) பற்றி ஒரு கதையாவது இருக்கும். என்னுடையதை முதலில் எழுதுகிறேன். உங்களுடையதையும் விரிவாகவே எழுதுங்கள். அடுத்து மாட்டிக்கொள்பவருக்கு உதவும்.

என் பொறுப்புக்கு வந்தது வாடகை கிளவுடில் ஓடும் ஓர் ஆஸ்டரிஸ்க் (தொலைபேசி இணைப்பக மென்பொருள்) சர்வர். புகார் இதுதான்: மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆனால் சில அழைப்புகள் மட்டும் தெளிவாக இருந்தன. அந்தச் சில அழைப்புகள்தான் எல்லோரையும் திசைதிருப்பின. ஃபயர்வால் தடுத்தால் எல்லாமே தடைபட வேண்டுமே என்று வாதிட்டார்கள்.

அழைப்பில் இரண்டு போக்குவரத்துகள் உண்டு. யாரை அழைப்பது, எடுத்தாரா, வைத்துவிட்டாரா என்ற தகவலெல்லாம் எஸ்ஐபி நெறிமுறையில், பெரும்பாலும் யுடிபி 5060 போர்ட்டில் நடக்கும். போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல்; யுடிபி, டிசிபி என்பவை பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, அனுப்பும் இரு முறைகள். குரல் அந்த வழியில் வருவதே இல்லை. அது ஆர்டிபி என்ற நெறிமுறையின் பாக்கெட்டுகளாக வேறு போர்ட்டில் வரும். எந்தப் போர்ட் என்பதை ஒவ்வொரு அழைப்பிலும் இரு முனைகளும் அறிவித்துக்கொள்ளும். ஆஸ்டரிஸ்க்கின் மாதிரி அமைப்புக் கோப்பில் அந்த வரம்பு 10000 முதல் 20000 வரை.

சர்வருக்குள் இருந்த விதிகளில் இவை எல்லாமே திறந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு ஃபயர்வால் சரியாக இருக்கிறது என்று முன்பிருந்தவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டேன். லினக்ஸில் உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வால் விதிகள் தொடுவதற்கு முன்பே டிசிபிடம்ப் பார்த்துவிடும். ஆகவே அதிலேயே தென்படாத பாக்கெட் சர்வர் வரை வரவில்லை என்று பொருள். அதில் தெரிந்தும் ஆஸ்டரிஸ்க்கின் ஆர்டிபி பதிவில் தெரியாவிட்டால் தடை சர்வருக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தால் பாதித் தேடல் மிச்சம். எங்கள் விஷயத்தில் குரல் பாக்கெட் வரவே இல்லை. கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இன்னொரு ஃபயர்வால் இருந்தது. அதில் 5060 மட்டும் திறந்திருந்தது.

சில அழைப்புகள் ஏன் பிழைத்தன? சர்வர் முதலில் குரல் பாக்கெட்டை வெளியே அனுப்பினால், அதே முகவரி, அதே போர்ட்டிலிருந்து வரும் பதிலை ஃபயர்வால் தானாகவே அனுமதிக்கும். எதிர்முனையின் உண்மையான முகவரி சர்வருக்குத் தெரிந்த இடங்களில் இப்படி வழி திறந்துகொண்டது. எதிர்முனை வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தபோது அது அறிவித்தது வீட்டுக்குள் மட்டும் செல்லும் உள்வலை முகவரி, ஆகவே சர்வர் அனுப்பியது எங்கோ போயிற்று, வழியும் திறக்கவில்லை.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. எனது ஜிட்சி (காணொளிக் கூட்ட மென்பொருள்) சர்வர். 2020இல் வகுப்புகள் வீட்டிலிருந்து நடந்தபோது ஆசிரியர்களுக்காக அமைத்தது.

இருவர் பேசினால் எந்தக் குறையும் இல்லை. மூன்றாமவர் நுழைந்த கணத்தில் எல்லோருடைய படமும் குரலும் மறைந்துவிடும். இணைய வேகம் போதவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் இருவர் மட்டும் இருக்கும்போது ஜிட்சி இரு கணினிகளையும் நேராக இணைத்துவிடுகிறது. மூன்றாமவர் வந்ததும் எல்லாம் சர்வரில் உள்ள வீடியோபிரிட்ஜ் என்ற பகுதி வழியாகப் போகத் தொடங்கும். அதற்கு வேண்டியது யுடிபி 10000. பக்கம் திறக்கத் தேவையான டிசிபி 80, 443 ஆகியவற்றை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். 10000ஐத் திறந்ததும் அன்று மாலையே முழு வகுப்பும் நடந்தது. ஜிட்சி அமைத்தால் தயவுசெய்து மூன்று பேரை வைத்துச் சோதியுங்கள்.

* * *

சரியாக 32 நொடியில் துண்டிக்கப்படும் அழைப்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். குரல் இரு பக்கமும் நன்றாகக் கேட்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடும்.

இந்த 32 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் வியாதி எதுவென்றும் தெரிந்துவிடும். அழைப்பை எடுத்ததும் சர்வர் '200 ஓகே' என்று அனுப்பும். அழைத்தவர் அதற்கு 'ஏசிகே' என்ற ஒப்புதலைத் திருப்பி அனுப்ப வேண்டும். வராவிட்டால் சர்வர் மீண்டும் மீண்டும் 200 ஓகே அனுப்பிக்கொண்டே இருக்கும். 2002இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3261 என்ற எஸ்ஐபி தர ஆவணம் இதற்கு வைத்த எல்லை அரை நொடியின் 64 மடங்கு. அதன்பின் சர்வரே அழைப்பை முடித்துவிடும்.

எஸ்ஐபி செய்திகளை வரிசையாகக் காட்டும் எஸ்என்கிரெப் கருவியில் பார்த்தால் 200 ஓகே வரிசையாக அடுக்கி நிற்கிறது, ஏசிகே ஒன்றுகூட இல்லை. காரணம், சர்வர் தன் தொடர்பு முகவரியாக 10 என்று தொடங்கும் உள்வலை முகவரியைச் சொல்லியிருந்தது. அழைத்தவரின் ஒப்புதல் அந்த முகவரிக்கே புறப்பட்டு, எங்கும் சேராமல் தொலைந்தது. குரல் மட்டும் தப்பியதற்குக் காரணம், எதிர்முனையில் இருந்த கருவி பாக்கெட் வந்த திசைக்கே பதில் அனுப்பும் வகை. இதற்கு எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை. ஆஸ்டரிஸ்க்கில் எஸ்ஐபியைக் கவனிக்கும் பிஜேசிப் அமைப்பில் வெளி முகவரி, உள்வலை வரம்பு ஆகியவற்றை எழுதியவுடன் சரியாயிற்று. ஃபயர்வாலையே நோண்டிக்கொண்டிருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

* * *

மூன்றும் அருமை. ஆனால் திறப்பதைப் பற்றி மட்டுமே பேச்சு போகிறதே என்று எனக்குக் கவலை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 5060ஐ உலகம் முழுவதற்கும் திறந்து வைத்திருந்தார். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்: 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்ற பெயரோடு ஓயாமல் முயற்சிகள். 100, 101, 1000 என்று உள் எண்களை ஊகிக்கிறார்கள். கடவுச்சொல்லும் எண்ணும் ஒன்றாக இருந்தால் நுழைந்துவிடுகிறார்கள். நுழைந்தவர்கள் அலுவலகம் உறங்கும் நேரத்தில் கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு அழைக்கிறார்கள். பில் வரும்போதுதான் தெரியும். அந்த வாடிக்கையாளர் விஷயத்தில் கடவுச்சொற்கள் வலுவாக இருந்ததால் சேதம் இல்லை.

எனவே நான் செய்வது: 5060ஐத் தொலைபேசி இணைப்பு தரும் நிறுவனத்தின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறக்கிறேன். வெளியிலிருந்து பணிபுரிபவர்களுக்கு வயர்கார்டு (மறையாக்கம் செய்த தனிவழி, விபிஎன்), அதாவது யுடிபி 51820 ஒன்றே. உள்ளே வந்தபிறகு அவர்களது தொலைபேசி பதிவாகும். அதோடு, தவறான முயற்சிகள் தொடர்ந்தால் அந்த முகவரியைத் தடுக்கும் ஃபெயில்டுபேன். 5060ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் தொல்லை குறையும், பாதுகாப்பு கூடாது.

குரல் வரம்பையும் சுருக்கலாம். வெளி எண்ணும் உள் எண்ணும் பேசும் ஓர் அழைப்புக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு போர்ட்டுகள் போதும். ஒரே நேரத்தில் 10 அழைப்புகள் என்றால் 40. சிறு அலுவலகத்துக்கு 10000 முதல் 10200 வரை தாராளம். ஆஸ்டரிஸ்க்கின் ஆர்டிபி கோப்பிலும், சர்வரின் ஃபயர்வாலிலும், முதலில் எழுதிய நண்பர் சொன்ன கிளவுட் ஃபயர்வாலிலும் ஒரே வரம்பை எழுதுங்கள். எழுதியபின் அலுவலக வைஃபையிலிருந்து சோதிக்காதீர்கள். வயர்கார்டுடன் கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து அழைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் இரு பக்கமும் பேசிப் பாருங்கள்.