கதவு சென்சார் ஒரு கம்பெனி, பல்பு வேற கம்பெனி: ஒண்ணா வேலை செய்ய வெச்ச அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

மாடிப்படி:
ஆஃபர் வர்றப்பல்லாம் வாங்கிச் சேர்த்த சாமான் எல்லாம். ஹால்ல வைஃபை பல்பு, பெட்ரூம்ல வேற கம்பெனியோட ஜிக்பீ பல்பு (ஜிக்பீங்கிறது வைஃபை மாதிரியே இன்னொரு குட்டி ரேடியோ), வாசல் கதவுல ஜிக்பீ சென்சார், கீசருக்கு 16 ஆம்பியர் பிளக். ஃபோன்ல நாலு ஆப்.

கதவைத் திறந்தா ஹால் லைட் எரியணும், அவ்வளவுதான் என் ஆசை. கதவுக்கும் பல்புக்கும் நடுவுல எட்டு அடி. ஆனா சேதி சென்சார் கம்பெனி கிளவுடுக்கு, அதாவது நெட்ல எங்கேயோ இருக்கிற அவங்க சர்வருக்குப் போய், அங்கேருந்து எல்லாத்தையும் இணைச்சு வெச்சிருக்கிற ஸ்மார்ட் ஸ்பீக்கரோட கம்பெனி கிளவுடு, அப்புறம் பல்பு கம்பெனி கிளவுடுன்னு ஊர் சுத்திட்டு வரும். நான் செருப்பைக் கழட்டி, பையை இறக்கி வெச்சதுக்கு அப்புறம்தான் லைட் எரியும்.

போன ஐப்பசி மழையில ராத்திரி ரெண்டே முக்காலுக்கு கரண்ட் போயிட்டு வந்துச்சு. வீட்ல இருக்கிற பல்பு ஒண்ணு விடாம முழு வெளிச்சத்துல எரியுது. ரவுட்டர் இன்னும் எழுந்திரிக்கல, ஆப்ல அணைக்க முடியல. அம்மா எழுந்து வந்து வரிசையா சுவிட்சை எல்லாம் அணைச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. காலைல பார்த்தா ஆப் முழுக்க ‘ஆஃப்லைன்’. பேட்டரில ஓடுற கதவு சென்சார்கூட செத்துக் கிடந்துச்சு. அது ஏன்னு கண்டுபிடிக்க ஒரு நாள் ஆச்சு. ஜிக்பீல பல்புதான் பக்கத்து சென்சாரோட சேதியை வாங்கிக் கடத்திவிடுது. அம்மா அணைச்சது லைட்டை மட்டும் இல்ல, நடுவுல இருந்த தபால்காரனையும்.

அப்புறம்தான் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 4ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல ஹோம் அசிஸ்டென்ட் போட்டேன். எல்லாக் கம்பெனி சாமானையும் ஒரே இடத்துலேருந்து ஆட்டுவிக்கலாம். 2013லேருந்து வளர்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், காசு கிடையாது. ஒரு ஜிக்பீ டாங்கிளை (ஜிக்பீ பேசுற யூஎஸ்பி குச்சி) செருகினதும் ஜிக்பீ பல்பும் சென்சாரும் பழைய ஹப்பை, அதாவது அதுவரைக்கும் நடுவுல இருந்த பெட்டியை விட்டுட்டு நேரா இதுல சேர்ந்துச்சு. நெட்டே இல்லாட்டியும் கதவு திறந்த நொடியில லைட்.

ரெண்டு நாள்தான் அந்த சந்தோஷம். சென்சார் வர்றதும் போறதுமா இருந்துச்சு. டாங்கிளை நீலக் கலர் யூஎஸ்பி 3 போர்ட்ல, எஸ்எஸ்டி டிஸ்குக்குப் பக்கத்துலயே செருகியிருந்தேன். யூஎஸ்பி 3 கிளப்புற இரைச்சல் ஜிக்பீ பேசுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் வந்து விழுதாம். இன்டெல் 2012லயே இதைப் பத்தி எழுதியிருக்கு. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வெச்சேன். பாதி சரியாச்சு. மீதி ரவுட்டர்: வைஃபை சேனல் 1, ஜிக்பீ சேனல் 11, நம்பர்தான் வேற, ரெண்டும் ஒரே இடத்துல உட்கார்ந்து கத்துது. ஜிக்பீயை 25க்கு மாத்தி, ஏணி போட்டு ஏறி ஒவ்வொண்ணையும் திரும்ப ஜோடி சேர்த்தேன்.

கரண்ட் வந்தா பழைய நிலைக்கே போகணும்னு ஜிக்பீ பல்புல செட்டிங் இருக்கு, வெச்சுட்டேன். வைஃபை பல்புல அது இல்ல. அது இப்போ மொட்டை மாடில எரியுது.

சுவிட்ச் பிரச்சனை மட்டும் அப்படியே இருக்கு. அம்மாகிட்ட சுவிட்சைத் தொடாதீங்கன்னு சொல்ல முடியுமா?

டெஸ்டர்:
தம்பி, பல்பை விட்டுவிட்டு சுவிட்சுக்குப் பின்னால் மாட்டும் ரிலே மாட்யூலை, அதாவது சுவிட்சாலும் ஆப்பாலும் இயக்கக்கூடிய சின்னப் பெட்டியை வாங்குங்கள். சுவிட்ச் சுவிட்சாகவே இருக்கும், சாதாரண எல்இடி பல்பு போதும். வாங்கும் முன் போர்டில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் வேண்டாத மாட்யூலும் கிடைக்கிறது. ஆனால் அது பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்டை இழுப்பதால், அணைத்த பிறகும் எல்இடி மினுக்கிக்கொண்டிருக்கும். பல்புக்கு இணையாக அதற்கென்று விற்கும் கெப்பாசிட்டரைப் போட்டால் நிற்கும். எதைச் செய்தாலும் மெயினை அணைத்துவிட்டு.

தண்ணீர் மோட்டாருக்கு மட்டும் இந்த மாட்யூலை நேராகப் போடாதீர்கள். நான் போட்டேன். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட்தானே, 10 ஆம்பியர் தாங்காதா என்று கணக்குப் போட்டேன். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். ஒரு நாள் ரிலே ஒட்டிக்கொண்டது. ஆப்பில் ‘ஆஃப்’ என்று காட்டுகிறது, மேலே தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். இப்போது மாட்யூல் காண்டாக்டரை (மோட்டாரின் இழுப்பைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்குகிறது, காண்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது.

கிழக்குவாசல்:
நான் மேட்டர் (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஸ்மார்ட் ஹோம் ஸ்டாண்டர்ட்) முத்திரை பார்த்து வாங்கினேன் ப்ரோ. 2022 அக்டோபர்ல முதல் வெர்ஷன் வந்தப்ப, இனி எந்தக் கம்பெனியும் எதோடயும் சேரும்னாங்க. சேருது, பொய் இல்ல. ஆனா பிளக்கை என் ஐஃபோன்ல சேர்த்துட்டு, வீட்டுக்காரம்மாவோட ஆண்ட்ராய்டுல அதே ஸ்டிக்கர் கியூஆரை ஸ்கேன் பண்ணிப் பண்ணி ஒரு சாயந்திரம் போச்சு. ரெண்டாவது ஆப்ல சேர்க்கணும்னா முதல் ஆப்ல போய்ப் புதுசா ஒரு கோடு எடுக்கணும். அதுவும் மிஞ்சிப்போனா 15 நிமிஷம்தான் செல்லும்.

இன்னொண்ணு, ஃபைபர்காரங்க வெச்ச பெட்டி ஒரு வைஃபை, நான் வாங்கின ரவுட்டர் ஒரு வைஃபை. ஃபோன் ஒண்ணுல, பிளக் இன்னொண்ணுல. எப்படிக் கண்டுபிடிக்கும்? பெட்டியோட வைஃபையை அணைச்சேன், முடிஞ்சுது. ஸ்பீக்கர்ல வேற ‘ஹால் லைட்’னு மூணு இருந்துச்சு, ஒரே லைட் மூணு ஆப் வழியா வந்திருக்கு. எது வேணும்னு அது என்னையே கேக்குது.

மாடிப்படி:
டெஸ்டர் சார், நேத்து எலக்ட்ரீஷியன் வந்தார். ஹால் போர்டுல நியூட்ரல் இருக்கு, பாத்ரூம் போர்டுல இல்ல. ஹாலுக்கு மாட்யூல் மாட்டியாச்சு, ஜிக்பீதான். அம்மா சுவிட்சைத் தட்டினாலும் எரியுது, கதவைத் திறந்தாலும் எரியுது. என்ன மாத்தினோம்னு அவங்களுக்குப் புரியல. எல்லாம் முன்னாடி மாதிரியேதானே இருக்கு, அந்த ஆளுக்கு எதுக்கு 400 ரூபா குடுத்தேன்னு கேட்டாங்க.