ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் கொழுவினாப்பிறகு கொம்பியூட்டர் ஸ்டக் ஆகுது

பனங்கூடல்:
எச்81 போர்ட், ஐ5 4460, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. விண்டோஸ் 240 ஜிபி எஸ்எஸ்டியில இருக்கு. பழைய மெசினில கிடந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கையும் கொழுவினாப்பிறகு, போட்டு 10, 15 நிமிசத்தில அப்படியே நிக்குது. மவுஸ் கொஞ்சநேரம் அசையும், பிறகு அதுவும் இல்லை. முன்பக்க டிஸ்க் லைட் விடாமல் எரியுது. சிலவேளை ஒரு நிமிசத்தால தானா வருது, சிலவேளை பட்டனை அமத்தித்தான் நிப்பாட்டவேணும். கழட்டினா பிரச்சினை இல்லை. பவர் சப்ளை கேசிங்கோட வந்தது, 450 வாட் எண்டு போட்டிருக்கு. அதில சாட்டா பவர் வயர் ரெண்டுதான். எஸ்எஸ்டிக்கும் டிவிடிக்கும் போயிட்டுது. டிஸ்க்குக்கு மொலெக்ஸ் (பழைய நாலு ஊசி பவர் வயர்) கன்வேர்ட்டர் போட்டிருக்கு. விண்டோஸைத் திருப்பி அடிச்சா சரிவருமோ?

ஒழுங்கைமுகப்பு:
விண்டோஸில கைவைக்காதேங்கோ. டிஸ்க், டேட்டா கேபிள், பவர் மூண்டில ஒண்டுதான் பிழை. லைட் விடாமல் எரிஞ்சு மெசினும் நிண்டா, பெரும்பாலும் கேட்டதுக்கு டிஸ்க் பதில் தரேல்லை எண்டு அர்த்தம்.

ஈவன்ட் வியூவரில (விண்டோஸ் நடந்ததைப் பதிஞ்சு வைக்கிற இடம்) விண்டோஸ் லொக்ஸ், சிஸ்டம் திறந்து, நிண்ட நேரத்துக்கு நேரே பாருங்கோ. 129 எண்ட ஈவன்ட் இலக்கம் இருந்தா, விண்டோஸ் காத்திருந்து பார்த்திட்டு ரீசெட் அடிச்சிருக்கு. 153, அதே வேலையைத் திருப்பிக் கேட்டிருக்கு. 7 எண்டால் பாட் பிளொக், டிஸ்க்கேதான்.

பிறகு டிஸ்க்கின்ர நிலைமையைக் காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட மென்பொருளில 05 (பழுதாகி மாற்று இடம் குடுத்த செக்டர், அதாவது டிஸ்க்கில ஒரு சின்னத் துண்டு), சி5 (சந்தேகத்தில நிக்கிற செக்டர்), சி6 (திருத்தேலாத செக்டர்), சி7 நாலையும் எழுதி அனுப்புங்கோ. சி7 டேட்டா போற வழியில பிழைச்ச கணக்கு, பெரும்பாலும் கேபிள். அது ஒருநாளும் குறையாது, பழைய மெசினில ஏறினதும் சேர்ந்தே இருக்கும். அதனால இண்டைக்கும் நாளைக்கும் பார்த்து, கூடுதோ எண்டதைத்தான் கவனிக்கவேணும்.

கரையோரம்:
எனக்கு அந்தக் கன்வேர்ட்டரிலதான் சந்தேகம். 3.5 அங்குல டிஸ்க் சுத்தத் தொடங்கேக்க 12 வோல்ட்டில 2 அம்பியர் மட்டில இழுக்கும், சுத்தினாப்பிறகு 6 தொடக்கம் 8 வாட் போதும். 450 எண்ட இலக்கத்தை விடுங்கோ, ஸ்டிக்கரில 12 வோல்ட்டுக்கு எத்தினை அம்பியர் எண்டு பாருங்கோ. 14 எண்டால் 168 வாட்தான். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாட்டி உங்கட மெசினுக்கு அதுவே காணும்.

ஆனா மொலெக்ஸ் ஊசி லூசா இருந்தா, டிஸ்க் நிண்டு நிண்டு சுத்தும். காதைக் கிட்ட வைச்சுக் கேளுங்கோ: “டிக்” எண்டிட்டுத் திரும்ப விர்ரெண்டு ஏறினா பவர் விழுகுது. யாழ்ப்பாணக் கரையோரம் பாசையூர், குருநகர்ப் பக்கமெண்டால் உப்புக்காத்துக்கு ஊசி பச்சை பிடிச்சிருக்கும். வயரையும் பிளாஸ்டிக்கையும் ஒண்டா வார்த்த கன்வேர்ட்டர் உள்ளுக்க சோட் ஆகி எரியிற சாமான், அதை எறியுங்கோ.

காசு செலவழிக்க முதல், மெசினை நிப்பாட்டி பிளக்கைக் கழட்டிப்போட்டு, டிவிடியின்ர பவர் வயரையும் டேட்டா கேபிளையும் இந்த டிஸ்க்குக்குப் போட்டுப் பாருங்கோ.

பனங்கூடல்:
129 வரிசையா நிக்குது, 7 இல்லை. 05 பூச்சியம், சி5 8, சி6 பூச்சியம். சி7 நேற்று 26, இண்டைக்கு காலமை 47. டிவிடி வயர் ரெண்டையும் மாத்தி மூண்டு மணித்தியாலம் ஓடுது, சி7 47இலேயே நிக்குது. ஆனா கனநேரம் தொடாமல் விட்டு டி டிரைவைத் திறந்தா ஒரு 8 செக்கன் இழுபடுது.

ஒழுங்கைமுகப்பு:
அந்த 8 செக்கன் நோயில்லை. தூங்கின டிஸ்க் எழும்பிச் சுத்துது. பவர் ஒப்ஷன்ஸில ஹார்ட் டிஸ்க் நிப்பாட்டுற நேரம் 20 நிமிசம் எண்டு கிடக்கும், பூச்சியமாக்கிவிடுங்கோ.

சி5 8தான் யோசிக்கவேண்டியது. வாசிக்கேலாமல் எட்டு செக்டர் காத்துக்கொண்டு நிக்குது. தேவையானதை முதல் வேற டிஸ்க்குக்கு மாத்துங்கோ. அதுக்கு முதல் செக் டிஸ்க்கை (விண்டோஸின்ர டிஸ்க் சோதிக்கிற கட்டளை) /r போட்டு ஓடவிடாதேங்கோ. டிஸ்க் முழுக்க வாசிக்க வைச்சு, சாகக் கிடக்கிறதை சாக்காட்டிப்போடும். மாத்தினாப்பிறகு குயிக் போர்மட் டிக்கை எடுத்திட்டு முழுப் போர்மட் அடியுங்கோ. எல்லா இடத்திலயும் திருப்பி எழுதுப்படும். சி5 பூச்சியமாகி, 05உம் ஏறாட்டி பாட்டுப்படம் போட்டு வைக்கலாம். ஏறினா அதில ஒண்டும் வைக்காதேங்கோ.