நொய்கோம் கையொப்பமிட்ட இசைத்தாள்: அடையாளம் காண உதவி தேவை

அன்புடையீர், வணக்கம்.

1778இல் சால்ஸ்பர்க்கில் பிறந்து, ஹைடனிடம் பயின்று, பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், ரியோ டி ஜெனிரோ என ஊர் ஊராக வாழ்ந்து, 1858இல் பாரிஸில் மறைந்த இசையமைப்பாளர் ஸிகிஸ்முண்ட் நொய்கோமின் கையொப்பம் கொண்ட இசைத்தாள் ஒன்று பழைய புத்தகக் கட்டு ஒன்றுடன் என்னிடம் வந்து சேர்ந்துள்ளது. பின்னாளில் பிரேசிலின் பேரரசரான பெத்ருவுக்கே இசை கற்பித்த இவரை இன்று அறிந்தவர் மிகச் சிலரே.

நான்கு குரல்களுக்கான லத்தீன் பாடலொன்றின் கடைசிப் பக்கம் மட்டுமே கிடைத்திருக்கிறது. மை பழுப்பேறிய கையொப்பத்தின் கீழ் நாளும் மாதமும் தெளிவாக இருக்க, ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் மடிப்பில் தேய்ந்துவிட்டது. தம் படைப்புகளைக் கால வரிசையில் தாமே பட்டியலிட்டு வைத்தவர் இவர் என்பதால், அப்பட்டியலைப் பார்க்க வாய்ப்புள்ளவர்களோ இவருடைய கையெழுத்தை அறிந்தவர்களோ இது எந்தப் படைப்பு எனக் கண்டறிய உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். படங்களை இணைத்துள்ளேன். விலை மதிப்பீடு தேவையில்லை.