பொருள்: பெரிய பகா எண்கள் – ‘கருதுபகா எண்’ சரிப்படுமா?

எல்லோருக்கும் வணக்கமுங்க. சோதனையில் தேறி, நிரூபணம் இன்னும் வராத எண்ணை ஆங்கிலத்தில் probable prime என்கிறார்கள். அதற்கு நாம் தேடும் தமிழ்ச் சொல் பற்றித் திருப்பூர் நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘நிகழ்தகவுப் பகா எண்’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் திருப்பூர் நண்பருக்கு என் பதில். ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பது எப்போதோ முடிவான சங்கதி. அதில் நிகழ்தகவுக்கு இடமில்லை. நிச்சயம் இல்லாதது நமக்குத்தான்: சோதித்தோம், தேறியது, நிரூபணம் இன்னும் கையில் இல்லை. சொல் அந்த நிலையைக் காட்ட வேண்டும்.

ஃபெர்மா சோதனையையே பாருங்கள். ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை எடுத்து, அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1. ஆனால் 341-உம் இதில் தேறிவிடும். 2-இன் பத்தாம் அடுக்கு 1024. 341-ஆல் வகுத்தால் மீதி 1. 340 என்பது 10 × 34, அப்புறம் 340-ஆம் அடுக்குக்கும் மீதி 1 தானே! 341 என்பதோ 11 × 31. அடிமானத்தை, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை, 2-க்குப் பதில் 3 ஆக்கினால் மீதி 56 வந்து குட்டு வெளிப்படுகிறது.

மில்லர்–ராபின் சோதனை இன்னும் கறார். சுற்றுக்கு ஓர் அடிமானத்தைக் குலுக்கிப்போட்டு எடுப்பார்கள். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் மூட்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்ப்பது போல. பகு எண் ஒரு சுற்றில் தப்பிக்க அதிகபட்சம் நாலில் ஒரு வாய்ப்பு. 20 சுற்றையும் தாண்ட, லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்பும் ஆர்எஸ்ஏ முறையின் சாவிகளுக்கான சுமார் 308 இலக்கப் பகா எண்களைப் பெரும்பாலும் இந்த நம்பிக்கையில்தான் ஏற்கிறார்கள். கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா 2002-இல் தந்த முறையில் ஐயத்துக்கே இடமில்லை. நடைமுறையில்தான் வேகம் போதவில்லை.

கோவை டீச்சர் சொன்ன ‘தேறுபகா எண்’ எனக்கும் பிடித்தது. ஆனால் ‘தேற்றம்’ பக்கத்திலேயே நிற்பதால், நிரூபித்தாகிவிட்டது போல ஒலிக்கிறது. அதனால் ‘கருதுபகா எண்’ என்கிறேன். ‘கருதுகோள்’ பிள்ளைகளுக்குப் பழகிய சொல், அதே அமைப்பு. நிரூபணம் வந்தால் ‘கருது’ உதிர்ந்து பகா எண். பொய்த்தால் போலிப் பகா எண்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம். 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்து வரும் எண் 4,10,24,320 இலக்கம் கொண்டது. 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு கணிப்பொறி அதைக் கருதுபகா எண் என்று காட்டியது. மறுநாளே, இந்த வகை எண்களுக்கு நிரூபணமாகவே அமையும் லூக்கா–லேமர் சோதனையில் அது பகா எண் என்று உறுதியானது. 81,77,207 ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணோ கருதுபகா எண்ணாகத்தான் நிற்கிறது. சொல் எங்கும் இடறவில்லை என்றே எனக்குப் படுகிறது.

கோபியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கான கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்க, காரணத்தோடு.